அவசர சிகிச்சைப் பிரிவைச் சீரமைக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்,

வணக்கம்.

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் சீரமைப்புக் குழுவில் மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் சரிசமமாக அமர்ந்து, பட்ட துன்பத்தை மீண்டும் நினைவுகூரும் வேதனையையும் பொறுத்துக்கொண்டு பேசிய உங்கள் ஒவ்வொருவருக்கும், பணியாளர்கள் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நோயாளி வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், படுக்கை கிடைத்த நேரம் என்று கணக்குப் பார்த்தே பழகியவர்கள் நாங்கள். அந்த நேரங்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை நீங்கள்தான் காட்டினீர்கள். தந்தையை அழைத்து வந்த சகோதரி ஒருவர், வாசலிலிருந்து எக்ஸ்ரே அறை வரை தாம் நடந்த வழியைத் தாளில் வரைந்து, எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் நின்ற இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டார். தமக்குப் பின்னால் வந்தவரை முதலில் அழைத்தபோது மனம் கொதித்ததாகவும், நோயின் தீவிரத்தைப் பொறுத்தே வரிசை அமைகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் பொறுமையாக இருந்திருப்பேன் என்றும் அவர் கூறினார். இன்று அந்த விளக்கத்தை, வருவோரின் நோய்த் தீவிரத்தை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் ட்ரையாஜ் செவிலியரே முதலில் சொல்லிவிடுகிறார். காத்திருப்போரின் நிலை மோசமாகிறதா என்று இடையிடையே மீண்டும் பார்க்கவும் செய்கிறார்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதல் நடைமுறைக்கு வந்த 'ரையன் விதி'யைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, நோயாளியின் நிலை குறித்துக் கவலைப்படும் உறவினர் நேரடியாக மறுபரிசோதனை கோரும் வழி இங்கும் வேண்டும் என்று விடாமல் வாதாடிய தம்பிக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சரியாகத் தெரியும்போதும், "அம்மா எப்போதும்போல இல்லை" என்று ஒரு மகள் சொன்னால், அந்தச் சொல் இப்போது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. இந்த ஒரு மாற்றத்தையே நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன்.

வீட்டுக்குச் செல்லும்போது தரப்படும் குறிப்புச் சீட்டை வரிவரியாகத் திருத்தி, எந்த அறிகுறி தென்பட்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை முதல் வரிக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

உறவை இழந்த பின்னரும் அதே கட்டடத்துக்குள் மீண்டும் நுழைந்து எங்களோடு பேச முன்வந்த குடும்பங்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் கோபம் நியாயமானது. அதைக் கேட்கும் வாய்ப்பை எங்களுக்கு அளித்தீர்கள்.

பேச்சுத்திறன் அற்றோர், துணையின்றித் தனியே வருவோர் ஆகியோரின் குரல் நம் குழுவில் இன்னும் ஒலிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துவர நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டமைக்கும் நன்றி.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்