பச்சை மீன் குளத்தில் நீந்தாது: மீன்வளர்ப்புக் கையேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மகளிர் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பதினாலு பேர், குத்தகைக்கு எடுத்த ஒரு உப்புத்தண்ணீர்க் குளம், அதில் கரிமீன். போன பயிற்சியில் நீங்கள் கொடுத்த கையேட்டை எல்லாருக்கும் நான்தான் சத்தமாக வாசித்தேன். ‘பச்சை மீனைக் குளத்தில் விடுவதற்கு முன்’ என்று ஒரு வரி வந்தது. முன்னால் இருந்த மைனி (அண்ணி) கேட்டார்: “பச்ச மீனைக் கொளத்துல விட்டா நீந்துமாக்கும்?” சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் பச்சை மீன் என்றால் நிறமே கிடையாது. கருவாடாகாத மீன், அவ்வளவுதான். சாளை, அயலை, நெத்தோலி எதுவானாலும் வலையிலிருந்து கூடைக்கு வந்தால் பச்சை மீன். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனாலும் பச்சமீன், உணக்கமீன் (கருவாடு) என்று இரண்டே கணக்கு. பச்சை முட்டை, பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை எல்லாம் அந்தப் பச்சைதான். நெருப்போ வெயிலோ உப்போ படாதது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் பிடித்த காலத்தில், உப்புப் போட்டு, ஆனால் காயவைக்காமல் கொண்டுவந்த மீனை ‘கிரீன் ஃபிஷ்’ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களும் அதைப் பச்சைக் காட் என்றே சொன்னார்கள். அந்த மீனில் பச்சை நிறம் ஒரு துளி கிடையாது. ஆக, கிரீன் ஃபிஷ் என்ற சொல்லைக் கண்டதும் வண்ணப்பெட்டியைத் திறக்கக் கூடாது. யார் சொன்னது, சந்தையிலா கப்பலிலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் கையேட்டில் இருப்பது அந்தப் பச்சையும் இல்லை. நீங்கள் மொழிபெயர்த்தது கரிமீனின் ஆங்கிலப் பெயரான ‘கிரீன் குரோமைடு’ என்பதை. முதல் பக்கத்தில் ‘பச்சை குரோமைடு’, நாலாம் பக்கத்தில் சுருக்கிப் ‘பச்சை மீன்’. குரோமைடு என்றதும் எங்கள் குழுவில் ஒருவர் அது குளத்தில் கலக்கும் மருந்து என்றே நினைத்து, லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. ‘குரோமிஸ்’ என்பது கிரேக்கர்கள் ஏதோ ஒரு மீனுக்கு வைத்திருந்த பெயர். அதிலிருந்து வந்த ‘குரோமைட்ஸ்’தான் 19ஆம் நூற்றாண்டு மீன் நூல்களில் கரிமீன் சேர்ந்த குடும்பத்துக்குப் பெயர். இப்போது சிக்ளிட் குடும்பம் என்கிறார்கள். பழைய பெயரின் வால் மட்டும் இந்த மீனில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆரஞ்சு குரோமைடு என்று இதற்கு ஒரு சின்னச் சொந்தமும் உண்டு, கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள்.

மீனைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வராது. விடியற்காலையில் வலையைத் தூக்கும்போது வெயில் பட்டு உடம்பு சாம்பல் கலந்த பச்சையாக மின்னும். குறுக்கே கருப்புப் பட்டைகள், செதில்களில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘பேர்ல் ஸ்பாட்’ என்றும் சொல்கிறார்கள். கூடையில் கொஞ்ச நேரம் கிடந்தால் பச்சை மங்கிக் கருத்துவிடும். உயிரோடு கண்ணாடித் தொட்டியில் பார்த்தவன் பச்சை என்றான், சட்டிக்குக் கொண்டுபோனவன் கரி என்றான் என்பது என் ஊகம். மைனிக்கு இரண்டும் ஒன்றுதான். கல்லில் தேய்த்துத் தேய்த்துச் செதிலை எடுப்பவர் அவர்.

அறிவியல் பெயரும் உங்களுக்குக் கைகொடுக்காது. எட்ரோப்ளஸ் சூரட்டென்சிஸ். 1790இல் புளோக் என்ற ஜெர்மானியர் குஜராத்திலுள்ள சூரத்தின் பெயரை இதற்கு வைத்துவிட்டுப் போனார். ஆறு கடலில் சேரும் எங்கள் பொழிமுகத்துக்கு அதில் பங்கில்லை. தமிழ்ப் புத்தகங்களில் செத்தக்கெண்டை என்று ஒன்று இருக்கிறது. உயிர்மீன் விற்கிறவர் அதை எப்படிக் கூவுவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கரிமீன் மலையாளப் பெயர், தமிழ்க் கையேட்டில் எப்படிப் போடுவது என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். கரி தமிழில் கருப்பு இல்லையா? 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்தபோது மீன்கள் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. 2010இல் கேரளம் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது, நல்லது. அதனால் அந்தப் பெயர் அவர்களுக்குப் பட்டா ஆகிவிடாது. ஒன்றே ஒன்று, சாலையோர ஓட்டல் பலகைகள் மாதிரி ‘கறிமீன்’ என்று வல்லின றகரம் போட்டுவிடாதீர்கள். அது வேறு சாப்பாடு.

பெயர் வைக்கும் வேலையை ஜனங்களே செய்துகொள்வார்கள். ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்டு, 1952இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவை ஜிலேபி ஆக்கி, ஜிலேபிக் கெண்டை என்று கூவி விற்றுவிட்டார்கள். அதுவும் இதே சிக்ளிட் குடும்பம்தான். யாரும் கூட்டம் போட்டு மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. குஞ்சு கேட்டு நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் ‘கரிமீன்’ என்று எழுதியிருந்தேன். பட்டியலில் அப்படி ஒரு மீன் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ‘பச்சை குரோமைடு’ என்று மாற்றி எழுதிக் கொடுக்க இரண்டு நடை, பதினெட்டு நாள். அதற்குள் மழை பிடித்துவிட்டது. குளம் கலங்கி, அந்த மாதம் குஞ்சு விடவே முடியவில்லை.

அடுத்த பதிப்பில் தலைப்பாகக் கரிமீன் என்று போடுங்கள். பக்கத்தில் அறிவியல் பெயர் இருக்கட்டும், ஆங்கிலப் பெயரையும் ஆங்கிலமாகவே கீழே எழுதுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம். விண்ணப்பப் பட்டியலிலும் அதே சொல் வர வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் குளத்தங்கரைக்கு வாருங்கள். வலை போடுகிற நாளைச் சொல்லி அனுப்புகிறேன். மைனி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைப்பார். பச்சை மீனில்தான்.

இப்படிக்கு,
குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள்