பலாலி விமானத்தள வரலாற்றுத் தொகுப்புக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரச விமானப்படை அமைத்த பலாலி விமானத்தளத்தின் வரலாற்றை, அதனைச் சூழ வாழ்ந்த ஊரவரின் ஆவணங்களையும் வாய்மொழிச் சான்றுகளையும் கொண்டு தொகுக்கும் பணியை எமது குழு தொடங்கியுள்ளது. அப்பணிக்குத் தங்கள் பொருளுதவியை நாடியே இம்மடலை வரைகின்றோம்.

உலகப் போர் ஓய்ந்தபின் இந்த ஓடுபாதை பொதுமக்களின் பயணத்துக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் தொடங்கிய முதலாவது சேவையின் டக்கோட்டா விமானம், இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இங்கு தரையிறங்கியே சென்னை சென்றது. பின்னர் உள்நாட்டுப் போர் அதனை மீண்டும் படைத்தளமாக்கியது. 1987 இல் இந்திய அமைதிப்படை இங்கு நிலைகொண்டது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. தரைப்பாதை அடைபட்டிருந்த ஆண்டுகளில் குடாநாட்டு மக்கள் கொழும்பு செல்லவும் இத்தளத்தையே நம்பியிருந்தனர். 1998 செப்டெம்பர் 29 அன்று இங்கிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2019 ஒக்டோபர் 17 முதல் இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். கொரோனாக் காலத்தில் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

படையினரின் பதிவுகளை அவர்களுடைய அலுவலகங்கள் பேணும். ஆனால் ஓடுபாதைக்கும் வேலிக்கும் உள்ளே போன தோட்டங்கள் யாருடையவை, அங்கு என்ன விளைந்தது, எந்த ஒழுங்கையால் கோயிலுக்குப் போனார்கள் என்பவற்றை ஊரவரே சொல்லவேண்டும். எமக்குக் கிடைத்த ஒரு காணி உறுதி, இடம்பெயர்ந்த வீடுகள்தோறும் பொலித்தீன் உறையில் சுற்றிக் காக்கப்பட்டது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அதில் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அந்தக் கிணறும் எல்லைப் பனைகளும் இன்று நிலத்தில் இல்லை. இத்தகைய தாள்கள் மடிப்புகளில் கிழிந்து, மை மங்கிவருகின்றன.

சேரும் பணத்தை முதலில் முதியோரின் குரற்பதிவுகளுக்குச் செலவிட எண்ணியுள்ளோம். விமானத்தளம் அமைந்த நாள்களைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளமையால், நூலை அச்சிடுவது பிந்தினும் இது பிந்தக்கூடாதென்பது எமது உறுதியான கருத்து. அடுத்து, உறுதிகளையும் ஒளிப்படங்களையும் வருடிப் பதிவுசெய்யும் கருவியும், அவற்றைப் பேணுவதற்கு வாசிகசாலையில் ஒழுகாத கூரையுடன் ஓர் அறையும் தேவைப்படுகின்றன.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளும் ஊரிலுள்ளோரும் இயன்ற தொகையை உதவுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படும். வரவு செலவுக் கணக்கு ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். பணம் தர இயலாதவர்கள் தம்மிடமுள்ள பழைய படங்களையும் உறுதிகளையும் பார்வைக்குத் தந்துதவலாம். படியெடுத்த அன்றே மூலப்பிரதியை உரியவர் கையில் திருப்பி ஒப்படைப்போம்.

இவ்வண்ணம்,
தொகுப்புக் குழுவினர்