யன்னல் பிளைண்டைத் துடைக்க முன்னர்

உரும்பிராய்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோவில் நீ காட்டிய யன்னல்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. வீடு மாறிய களைப்போடு சமையலறையையும் குளியலறையையும் தேய்த்துக் கழுவி முடித்துவிட்டாய். யன்னல்களை மறைக்கத் தொங்கும் பிளைண்டுகளை மட்டும் எப்படித் துப்புரவாக்குவதென்று கேட்டாய். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் ஈரத்துணியை எடுக்காதே. தண்ணீர் பட்டதும் தூசி சேறாகி, தகட்டின் ஓரங்களிலும் கயிறு நுழையும் துளைகளிலும் அப்பிக்கொள்ளும். இங்கே சோளகக் காற்றுக் காலத்தில் தோட்டத்துச் செம்பாட்டு மண் யன்னலுக்குள்ளால் எப்படி வருமென்று உனக்குத் தெரியும். நீ வந்து நின்றபோது முன் அறைக்குப் பூட்டித்தந்த அலுமினியப் பிளைண்டை, அந்த முதல் வருடம் நான் வாளித் தண்ணீரும் துணியுமாகத் துடைத்தேன். செம்மண் கரைந்து கீழ்த்தகடுகளில் எல்லாம் கோடு கோடாக வழிந்தது. அது போதாதென்று, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே கிணற்றுத் தண்ணீர்ச் சுண்ணாம்பு, காய்ந்த தகடுகளில் புள்ளி புள்ளியாக நின்றது. வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து அவற்றைத் துடைத்தெடுக்க எனக்கு இரண்டு பின்னேரங்கள் சென்றன.

ஆகையால் உன் வரவேற்பறை அலுமினியப் பிளைண்டை இறக்கி, தகடுகளை ஒரு பக்கமாக முழுதும் மூடி, உலர்ந்த மென்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, மறுபக்கம் திருப்பி மூடி அதையே திரும்பவும் செய். அதன் பிறகுதான் ஈரம். பழைய பருத்திச் சொக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டி, நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு தகட்டையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக இழுத்தால், மேலும் கீழும் ஒரே தடவையில் சுத்தமாகும். மற்றக் கையால் தகட்டைத் தாங்கிக்கொள், ஏனென்றால் அலுமினியம் ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்புப் போகாது. சமையலறையில் பொரியல் எண்ணெயோடு தூசி பசையாகியிருக்கும். அதற்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி போதும்.

படுக்கையறையில் இருப்பது துணிச் சுருள்திரை. அதைக் கழற்றி வோஷிங் மெஷினில் போட்டுவிடாதே. பின்பக்கத்துப் பூச்சு வெடித்துவிடும். வக்குயூமில் தூரிகை முனையைப் பொருத்தித் தூசியை இழுத்துவிட்டு, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றியெடு. முற்றாகக் காயாமல் மட்டும் சுருட்டாதே. விறாந்தையில் தொங்கிய மூங்கில் தட்டிகளை ஓர் ஐப்பசியில் நான் கழுவி, மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்ற அவசரத்தில் அரை ஈரத்தோடு சுருட்டிக் கட்டிவிட்டேன். தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்க அவிழ்த்தபோது உட்சுற்று முழுவதும் கரும்பூஞ்சணம் பிடித்திருந்தது. கோத்த நூல் இற்று, குச்சிகள் என் காலடியில் கொட்டுண்டன. அப்பா ஆசையாக வாங்கிவந்த தட்டிகள் அவை. இப்போதும் அதை நினைத்தால் மனம் நோகிறது.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதியதே பேரனின் அறை யன்னலுக்காகத்தான். அங்கே தொங்குவது பளபளப்பில்லாத, மஞ்சள் பாரித்த பழைய பிளாஸ்ரிக் பிளைண்ட். வெளிநாடுகளிலிருந்து இறக்கப்பட்ட அத்தகைய வினைல் மினி பிளைண்டுகளில் ஈயம் சேர்க்கப்பட்டிருந்ததை 1996இல் அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு கண்டுபிடித்து, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து அவற்றை அகற்றும்படி அறிவித்தது. வெயிலும் சூடும் பட்டுப் பிளாஸ்ரிக் சிதையும்போது ஈயம் தூசியாக மேலே படியும். பிள்ளை அதைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்தால் அந்த நஞ்சு உடலுக்குள் போய்விடும். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்ரிக் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும் என்பதால், அதைத் துடைத்துப் பயனில்லை. உன் வீட்டுப் பிளைண்ட் அந்தக் காலத்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது, மகள். ஆனாலும் தவழ்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, பேரனை வேறு அறையில் விட்டு, மருமகனைக் கொண்டு அதைக் கழற்றிப் பெரிய பையில் போட்டு வாயைக் கட்டு. யன்னற்கட்டையையும் கீழ்த்தரையையும் கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் எறிந்துவிடு. வேலை முடிந்ததும் இருவரும் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தொங்கும் கயிறு பிள்ளையின் கழுத்தில் சுற்றிவிடக்கூடும் என்பதால், புதிதாக வாங்குவதைக் கயிறு தொங்காததாகப் பார்த்து வாங்கு. மற்ற அறைகளில் தொங்கும் கயிறுகளை இன்றைக்கே அவனுக்கு எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டு, தொட்டிலையும் யன்னலோரத்திலிருந்து நகர்த்திவிடு. புதியது வரும்வரை யன்னலுக்கு உன் பருத்திச் சேலை ஒன்றை மடித்துக் கட்டலாம்.

கழற்றியதும் அந்த யன்னலைப் படமெடுத்து அனுப்பு. பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா