உல்ரிஷ் ஃபான் ஹூட்டனுக்கு, ஆகஸ்ட் 29

அன்புள்ள உல்ரிஷ்,

1523இல், 35 வயதில் போய்விட்டாய். நான் அந்த வயதைக் கடந்து வெகுகாலமாகிறது. ஆகவே உன் ஜெர்மன் பிரபு வம்சம், பேரரசர் மாக்ஸிமிலியன் உன் தலையில் சூட்டிய கவிஞர் மகுடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்வாய், தெரியும்.

உன் நினைவு நாள் வரும்போதெல்லாம் உன் கட்சியைத்தான் பேசிவந்தேன். இந்த வருஷம் முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் நடந்த அந்த விஷயம்தான் காரணம்.

1522 நவம்பர். உன் கூட்டாளி சிக்கிங்கனின் படை ட்ரியர் நகரைப் பிடிக்க முடியாமல் திரும்பியாகிவிட்டது. உடம்பெல்லாம் நோயோடு, கையில் காசில்லாமல், பாஸலுக்கு வந்து சேர்கிறாய். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்க்கிறார்கள். அங்கே இருந்த உன் பழைய நண்பர், பேரறிஞர் எராஸ்மஸ் மட்டும் வரவில்லை. உங்கள் இருவருக்கும் தெரிந்த எப்பன்டார்ஃபிடம் சொல்லி அனுப்புகிறார், வெறும் மரியாதைச் சந்திப்பு என்றால் வேண்டாமே என்று. பிறகு சொன்ன காரணம் அதைவிட மோசம்: நோயாளியான உனக்குக் கணப்புச் சூடில்லாத அறை ஆகாது, அவருக்கோ கணப்பின் வெக்கை ஆகாது. சந்தை வெளியில் மணிக்கணக்கில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் நீ. உன்னிடமா கணப்புக் கதை?

மூன்று வருஷம் முன்புதான் இங்கிலாந்து அறிஞர் தாமஸ் மோர் எப்படிப்பட்டவர் என்று நீ கேட்டதற்காக அத்தனை நீளமாக, அத்தனை பிரியமாக உனக்கு எழுதியிருந்தார். மோரை உலகம் இன்றைக்கும் அந்தக் கடிதத்தின் வழியாகத்தான் பார்க்கிறது. அப்படி எழுதிய கை, நாலு தெரு தள்ளி நீ கிடந்தபோது கதவைத் திறக்கவில்லை. இதை நினைத்து நான் தூக்கம் கெட்டதுண்டு.

ஆனால் உல்ரிஷ், திறந்திருந்தால்? உன் பின்னால் யாரெல்லாம் உள்ளே வந்திருப்பார்கள்? நீ வெறும் கவிஞனாகவா வந்தாய்? 1521இல் பாதிரிமார் மேல் தனியாக ஒரு போரே அறிவித்து, வழியில் போனவர்களை மறித்தாயே, அதை எந்தக் கவிதையில் சேர்ப்பது? (இதைப் படிப்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, லுத்தரன் சபையாரும் உண்டு. போப்பைப் பற்றி நீ எழுதியதை இங்கே எடுத்துப்போட மாட்டேன். உன் நோயைப் பற்றியும் அப்படியே. கூச்சமில்லாமல் 1519இல் நீயே அதைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டாய், அதற்கு மருந்தாகக் குடித்த குவாயக் மரக் கஷாயம் வரைக்கும். என் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்கிறார்கள்.)

எல்லோரும் உன்னைப் போலத் துணிய வேண்டும் என்று எதிர்பார்த்தாய். ‘நான் துணிந்துவிட்டேன்’ என்று ஜெர்மனில் எழுதி ஊரெல்லாம் பரப்பினாய். சரி. துணியாதவன் எல்லாம் துரோகியா? எராஸ்மஸ் போப்புக்கும் லூதருக்கும் நடுவில் நின்று எழுதிப் பிழைத்த கிழவர். உன்னோடு சேர்ந்து எரிந்துபோக அவருக்கு என்ன கடன்?

எனக்கும் ஒரு கதவு இருந்தது. வெளியே நின்றவரின் வீட்டார் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இதோடு விடுகிறேன். பிள்ளைகள் சின்னவர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

உன் நண்பர் பிர்க்ஹைமருக்கு நீ எழுதினாயே, உன் குடும்பத்து ஸ்டெக்கல்பெர்க் மாதிரிக் கோட்டைகளில் வாழ்வது எப்படி என்று, அதைப் போன வாரம் மறுபடி எடுத்தேன். குறுகலான கட்டடம், தொழுவம், துப்பாக்கி மருந்து நாற்றம், நாய்களும் அவற்றின் அசிங்கமும், வருவோர் போவோரில் திருடனும் உண்டு. ஆயுதமில்லாமல் மீன்பிடிக்கக்கூடப் போக முடியாது. உழுது கொட்டுகிற குடியானவனோ பஞ்சை. பிரபுக்கள் தங்களைப் பற்றி இப்படி எழுதுவது அபூர்வம். 11 வயதில் உன்னை ஃபுல்டா மடத்தில் தள்ளிவிட்ட வீடு அது. வீட்டுக்குள் பயந்தே வளர்ந்தவன் நீ. அடுத்தவன் பயம் மட்டும் ஏன் உனக்குப் புரியாமல் போயிற்று?

புரியாததால்தான் 1523இல் எராஸ்மஸ் மேல் குற்றப்பத்திரிகையாக அந்தப் புத்தகத்தை எழுதினாய். அவர் பதில் அச்சாகி வருவதற்குள் நீ சூரிச் ஏரியின் உஃபெனாவ் தீவில் முடிந்துபோனாய். புத்தகமில்லை, தட்டுமுட்டுச் சாமான் இல்லை, ஒரு பேனா மட்டும் இருந்தது என்று எழுதினார் சூரிச்சின் சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லி. கடைசியில் உனக்குத் தங்க இடம் தேடிக் கொடுத்தவர் அவர். எராஸ்மஸ் தன் பதிலைக் காணிக்கையாக்கியதும் அதே ஸ்விங்லிக்குத்தான். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவருக்காக இவ்வளவு பேசிய பிறகும்.

அடுத்த வருஷம் லூதரின் சகா மெலாங்தனுக்கு எராஸ்மஸ் எழுதும்போது நிஜம் வெளியே வந்தது. கதவைத் திறந்திருந்தால், காசில்லாமல், சாக ஒரு கூடு தேடிக்கொண்டிருந்த உன்னை வீட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும் என்று எழுதினார். கொடூரமான வரிதான். ஆனால் அதை நவம்பரிலேயே, எப்பன்டார்ஃபை நடுவில் விடாமல், உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய், ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்தியதற்கு நான் அவர் பக்கம். கணப்பைச் சாக்கு சொன்னதற்கு உன் பக்கம். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் ஆத்திரம் தீராத ஒருவன்