மீதி ஒன்பது பேருக்காக

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. கேம் மூடிய சோதனையைத் தாண்டி எல்லோருக்கும் திறக்கப் போகிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஐந்துக்கு ஐந்து, இருபது நிமிட மேட்ச், மொபைலும் கம்ப்யூட்டரும் ஒரே க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) என்று எத்தனையோ வருடமாக நீ சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே கட்டி நிறுத்திவிட்டாய். இங்கே எல்லோரும் நலம். நான் இன்னும் யாரை யாரோடு ஆடவிடுவது என்று பார்க்கும் மேட்ச்மேக்கிங் வேலையில்தான் இருக்கிறேன். அதனால்தான் உன் கேள்வி எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

பாதி மேட்சில் ஓடுகிறவர்களுக்கு எத்தனை நிமிடம் தடை போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒருவர் வெளியேறினால் மாட்டிக்கொள்வது மீதி ஒன்பது பேர். நாலு பேர் ஆள் குறைந்து தோற்கிறார்கள், எதிரே ஐந்து பேருக்குச் சப்பென்று ஒரு வெற்றி. அந்த ஒன்பது பேருக்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். தடை எத்தனை நிமிடம் என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு.

முதல் வேலை, லாக், அதாவது சர்வர் எழுதி வைக்கும் நடப்புப் பதிவு. உன் டீம் இப்போது ஒவ்வொரு வெளியேற்றத்தையும் ஒரே வரியாக எழுதி வைக்கிறது என்று சொன்னாய். அது போதாது. எந்த நிமிடத்தில் போனார், அப்போது ஸ்கோர் வித்தியாசம் எவ்வளவு, பட்டனைத் தொட்டுப் போனாரா இல்லை தொடர்பு அறுந்ததா, கடைசி முப்பது விநாடி பிங் (செய்தி சர்வருக்குப் போய்வரும் நேரம்) எப்படி இருந்தது, தனியாக வந்தாரா கூட்டாளிகளோடு வந்தாரா, கேட்ட கேரக்டர் கிடைத்ததா, திரும்பி வந்தாரா என்று இவ்வளவும் வேண்டும். இதைப் பிரித்துப் பார்த்தால் ஒரே பெயரில் நாலைந்து வேறு பிரச்சினைகள் கலந்து கிடப்பது தெரியும். முதல் நிமிடத்திலேயே போகிறவர்களுக்குக் கேரக்டரோ மேப்போ பிடிக்கவில்லை. நடுவில் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கோரைப் பார்த்துப் போகிறார்கள். எந்த நிமிடம் என்றில்லாமல், பிங் எகிறிய பிறகு காணாமல் போகிறவர்கள் நெட் போனவர்கள். மூன்று பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் யாருக்கும் குணமாகாது.

வேண்டுமென்றே போனவரையும் நெட் போனவரையும் பிரித்துத் தண்டிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தாய். ஒரு தனி மேட்சை வைத்து முடியாது. வெளியேறும் பட்டனைத் தொட்டால் கிளையன்ட் (ஆட்டக்காரரிடம் இருக்கும் ஆப்) சர்வருக்கு 'போகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பும். ஆப்பை மூடித் தள்ளினாலோ வைஃபையை அணைத்தாலோ எதுவும் வராது. சில விநாடிகள் சத்தமில்லாமல் போனதும் ஆள் இல்லை என்று சர்வர் தானாகத்தான் முடிவு செய்கிறது. மின்சாரம் போனவரும் கேபிளைப் பிடுங்கியவரும் சர்வர் கண்ணுக்கு ஒன்றுதான். பட்டனுக்கு மட்டும் தண்டனை வைத்தால் அடுத்த வாரமே எல்லோரும் ஆப்பை மூடக் கற்றுக்கொள்வார்கள். அதனால் உள்நோக்கத்தைத் தேடாதே. எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தார், திரும்பி வந்தாரா, கடைசி இருபது முப்பது மேட்சில் எத்தனை முறை இப்படி என்ற மூன்றை மட்டும் பார். நெட் மோசமானவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் பத்து மேட்சில் நாலு தடவை அறுந்து போகிற நெட்டோடு ரேங்க் (ரேட்டிங் ஏறி இறங்கும் போட்டி மோடு) ஆடினால் மற்றவர்கள் படுகிற பாடும் அதே அளவுதான். அவரைச் சாதாரண மோடில் ஆடச் சொல்வது கருணையற்ற செயல் இல்லை.

ஒருவருக்கொருவர் மோதும் மோடும் வைக்கப் போகிறாய் அல்லவா? அங்கே இன்னொரு ஓட்டை உண்டு. 2016 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற சண்டை கேம் வந்தபோது, தோற்கும் நேரத்தில் தொடர்பை அறுப்பவர்களுக்குத் தண்டனை எதுவுமே கிடையாது. தோற்பவர் தப்பிவிடுவார், ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் சேராது. இதைத் தடுக்க எளிய வழி, மேட்ச் தொடங்கும்போதே இரண்டு பேர் கணக்கிலும் 'தோல்வி' என்று எழுதி வைத்துவிட்டு, முடிவு வந்ததும் ஜெயித்தவர் கணக்கை மாற்றுவது. கேபிளைப் பிடுங்கினால் அவர் கணக்கில் ஏற்கெனவே எழுதியது அப்படியே நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: உன் சர்வரே விழுந்தால் இரண்டு பேருமே தோற்றவர்களாகி நிற்பார்கள். சர்வர் பக்கம் கோளாறு என்று தெரிந்தால் அந்த வரியை அழிக்கிற வேலையையும் சேர்த்து எழுது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: திரும்பி வரும் பாதை. டோட்டா 2 கேமில் ஐந்து நிமிடம் தொடர்பில்லாமல் இருந்தால்தான் கைவிட்டதாகக் கணக்கு, அதற்குள் வந்துவிட்டால் ஆட்டம் தொடரும். உன் மேட்ச் இருபது நிமிடம்தான் என்பதால் மூன்று நிமிடம் போதும். ஆனால் அந்த மூன்று நிமிடம் ஆட்டக்காரர் கைக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும். நீ அனுப்பிய பில்டில் (சோதனைப் பதிப்பில்) ஆப்பை முழுதாக மூடிவிட்டுத் திறந்தால் முதலில் லோகோ, பிறகு தினசரிப் பரிசு, பிறகு இரண்டு விளம்பரப் பலகை, அதற்குப் பிறகுதான் மெனுவின் ஓரத்தில் சின்னதாக ரீகனெக்ட் பட்டன். இதில் யார் திரும்பி வருவார்கள்? ஆப் திறந்ததும் முதல் கேள்வி 'இவருக்கு ஓடிக்கொண்டிருக்கும் மேட்ச் இருக்கிறதா?' என்பதாக இருக்கட்டும். இருந்தால் வேறு எதையும் காட்டாமல் நேராக உள்ளே கொண்டுபோ. தொட்டதிலிருந்து கேரக்டர் கையில் அசைவது வரை இருபது விநாடிக்கு மேல் ஆனால் அதை ஒரு பக் (கோளாறு) என்றே பதிவு செய்.

மொபைலில் இன்னொன்று. வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி மாறிவிடும். உன் சர்வர் ஆளை ஐபியும் போர்ட்டும் வைத்து அடையாளம் கண்டால், வீட்டு வாசலைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஓடிப்போனவராகத் தெரிவார். மேட்ச் தொடங்கும்போது ஒரு செஷன் டோக்கன் (அடையாளச் சீட்டு) கொடுத்து, எந்த முகவரியிலிருந்து அந்த டோக்கன் வந்தாலும் அவர்தான் என்று ஏற்றுக்கொள். திரும்பி வந்தவருக்கு விட்டுப்போன செய்திகளை வரிசையாக அனுப்பி ஓடிப் பிடிக்க வைக்காதே. அந்த நொடியின் முழு நிலையை ஒரே கட்டாக அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகான மாற்றங்களை மட்டும் அனுப்பு. ஆள் இல்லாத நேரத்தில் கேரக்டர் நடுக்களத்தில் நின்று எதிரிக்குத் தீனியாகக் கூடாது. பத்து விநாடி ஆனதும் தானாகத் தளத்துக்குத் திரும்பி நிற்கட்டும்.

அடுத்து, கௌரவமாக வெளியேற ஒரு வழி. அது இல்லாத கேமில் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் தொடக்கத்திலேயே ஒருவர் வரவில்லை என்றால் மேட்சைக் கலைக்க ஓட்டு போடலாம். பிறகு 15-ஆம் நிமிடத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் சரண்டர் (தோல்வியை ஏற்று மேட்சை முடிப்பது), 20-ஆம் நிமிடத்திலிருந்து ஐந்தில் நாலு பேர் போதும் என்று வைத்திருக்கிறார்கள். உன் அளவுக்குக் கலைப்பு ஓட்டை முதல் 90 விநாடியோடு நிறுத்து. சரண்டர் எட்டாவது நிமிடத்திலிருந்து, ஐந்தில் நாலு. ஓட்டு தோற்றால் அடுத்த மூன்று நிமிடத்துக்குக் கேட்க முடியாது. யார் என்ன போட்டார் என்று காட்டாதே. காட்டினால் மறுத்தவரை மற்ற நாலு பேரும் சேர்ந்து திட்டித் தீர்ப்பார்கள். மேட்ச் கலைந்தாலும் வராதவருக்குத் தோல்வி உண்டு, அவரோடு பார்ட்டியாக (முன்பே சேர்ந்து ஒரே குழுவாக) வந்தவர்களுக்கும் உண்டு. இல்லையென்றால், கேரக்டர் தேர்வு சரியாக அமையாத போதெல்லாம் நண்பர்களில் ஒருவர் தியாகியாவார்.

இதே சூழ்ச்சி தோல்விச் சலுகையிலும் வரும். சலுகை கட்டாயம் வேண்டும். ஆறாவது நிமிடத்தில் ஆள் போய், பதினாலு நிமிடம் நாலு பேராகப் போராடித் தோற்றவர்களுக்கு முழு ரேட்டிங்கையும் (திறமைப் புள்ளி) வெட்டுவது அநியாயம். ரேட்டிங் கணக்கிடும் ட்ரூஸ்கில் மாதிரியான முறைகளில் ஒருவர் மேட்சில் எவ்வளவு பங்கு ஆடினார் என்பதை எடையாகக் கொடுக்க இடம் இருக்கிறது. 2018-இல் வந்த ட்ரூஸ்கில் 2, ஓடிப்போகும் பழக்கத்தையே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆள் குறைந்த நேரம் மேட்சில் பாதிக்கு மேல் என்றால் வெட்டைக் கால்வாசியாகக் குறை, ஜெயித்தால் முழு ரேட்டிங் கொடு. ஓடினவரின் பார்ட்டிக்கு மட்டும் சலுகை கிடையாது. தங்கியவர்களுக்குத் திரையில் அதைச் சொல்லவும் செய்: 'நீங்கள் கடைசிவரை ஆடினீர்கள், ரேட்டிங் இழப்பு குறைக்கப்பட்டது.' சொல்லாவிட்டால் கொடுத்ததே தெரியாது.

காலி இடத்தை நிரப்புவது சாதாரண மோடுக்கு மட்டும். பாட் (கம்ப்யூட்டரே ஆட்டும் கேரக்டர்) போடலாம், புது ஆளையும் சேர்க்கலாம். புதிதாக நுழைந்தவர் தோற்றால் அது அவர் கணக்கில் ஏறக் கூடாது. ஓவர்வாட்ச் கேம் இதைச் சரியாகச் செய்தது. அழியும் தறுவாயில் இருக்கும் மேட்சுக்குள் யாரையும் தள்ளாதே, அவரும் அடுத்த நிமிடமே ஓடுவார். ரேங்கில் நடுவில் ஆள் சேர்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஆனால் இதெல்லாம் செய்தாலும், ஓடத் தோன்றும் நொடி ஒன்று உன் கேமுக்குள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டாவது நிமிடம், கேமுக்குள் சேர்க்கும் தங்கத்தில் டீம் எட்டாயிரம் பின்னால், ஆள் செத்துக் கிடக்கிறார், உயிர் திரும்ப 50 விநாடி. திரை சாம்பல் நிறம். கொன்றவரின் கேரக்டர் ஆடிக் காட்டுகிறது, கீழே அந்த உடையின் விலை. கை சும்மா இருக்கிறது, மனசு எரிகிறது, மூலையில் வெளியேறும் பட்டன் பளிச்சென்று இருக்கிறது. 50-ஐ 30 ஆக்கு. அந்த நடனத்தையும் உடையின் விலையையும் அங்கிருந்து எடு. சாவு நேரத்தில் ஆயுதம் வாங்கவும், கூட்டாளிகளின் பார்வையில் களத்தைப் பார்க்கவும் விடு. அடுத்து எந்தக் கோபுரத்தைக் காப்பாற்றினால் ஆட்டம் மீளும் என்று ஒரு வரி காட்டு. பின்தங்கிய டீம் முன்னிலையில் இருப்பவரை வீழ்த்தினால் கூடுதல் தங்கம் கிடைக்கிற மாதிரி வை. மீள முடியும் என்று நம்புகிறவருக்கு உட்காரக் காரணம் இருக்கிறது.

நின்றபடியே இருந்துவிடும் ஏ.எஃப்.கே. (ஆடாமல் விலகியிருக்கும்) ஆட்களையும் மறக்காதே. வெளியேறினால் தண்டனை என்று இறுக்க இறுக்க, போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது கூடும். விரல் அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் தளத்துக்குள் வட்டமடித்து ஏமாற்றுவார்கள். அனுபவப் புள்ளி, கொடுத்த அடி, சண்டைகளுக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்ற மூன்றும் சேர்ந்து மேட்ச் சராசரியிலிருந்து அதலபாதாளத்தில் இருந்தால் எச்சரி. 45 விநாடியில் ஒன்று, 90-இல் இன்னொன்று, அதற்கும் அசையவில்லை என்றால் ஓடினதற்குச் சமம். வெளியேற்றம் குறைந்துவிட்டது என்று உன் டீம் கொண்டாடும் முன் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்.

சரி, தடைக்கு வருவோம். கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமில் தடை ஏணி 30 நிமிடம், 2 மணி, 24 மணி, 7 நாள் என்று ஏறும். உனக்கு முதல் தடவை எச்சரிக்கை மட்டும், பிறகு 10 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, ஒரு நாள். பதினைந்து மேட்ச் சுத்தமாக முடித்தால் ஒரு படி இறங்கட்டும், இறங்குவதை அவருக்குக் காட்டவும் வேண்டும். நேரத் தடைக்கு ஒரு பலவீனம் உண்டு: ராத்திரி கடைசி மேட்சில் ஓடிவிட்டுத் தூங்கினால் காலையில் தண்டனை முடிந்திருக்கும். அதனால் இரண்டு மணிக்கு மேலான படிகளில், அடுத்த சில மேட்சைச் சாதாரண மோடில் முடித்த பிறகே ரேங்க் திறக்கும் என்று சேர். தண்டனை பெற்றவர்களைத் தனியாக ஆடவிடும் டோட்டா 2-இன் லோ பிரயாரிட்டியும், ஓடுகிறவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்ட கில்லர் இன்ஸ்டிங்க்ட் கேமின் சிறையும் உன்னைக் கவரும். இப்போது வேண்டாம். தொடக்கத்தில் உன்னிடம் ஆட்கள் குறைவு. இருப்பவர்களையும் தனிக் கூட்டமாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் க்யூ நீளும், காத்திருந்து சலித்தவர் மேட்சில் இன்னும் சீக்கிரம் ஓடுவார்.

வெளியேறும் பெட்டியில் 'நிச்சயமா?' என்று மட்டும் கேட்டிருக்கிறாய். 'இப்போது வெளியேறினால் 30 நிமிடம் ரேங்க் ஆட முடியாது. 3 நிமிடத்துக்குள் திரும்பினால் தடை இல்லை' என்று, அவர் இருக்கும் படிக்கு ஏற்ற நேரத்தோடு எழுது. ஒரே வட்டாரத்தில், ஒரே நிமிடத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பேர் அறுந்தால் அது உன் சர்வரோ பெரிய நெட்வொர்க்கோ விழுந்தது. அந்த நிமிடத்தின் தண்டனை எல்லாம் தானாக ரத்தாகட்டும், புகார் வரும்வரை காத்திருக்காதே. காசு செலவழிக்கிறவருக்குத் தனி விதி வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். தயவுசெய்து இணங்காதே. ஒரு தடவை வெளியே தெரிந்தால் ஏணி முழுவதும் மரியாதை இழக்கும்.

திறந்த முதல் வாரத்து லாக் வந்ததும் நிமிட வாரியாகப் பிரித்து எனக்கு அனுப்பு. முதல் 90 விநாடியையும் சாவுத் திரை நேரத்தையும் தனித்தனியாக எடுத்து வை, நான் அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்