சோழியைச் சோழனுக்குக் கொடுக்காதீர்கள்

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டும் தம்பி, தங்கச்சிகளுக்கு,

போன மாதம் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய வீட்டைப் பார்க்கப் போனேன். எந்த ஊர், யார் வீடு என்பதெல்லாம் வேண்டாம். இரண்டாங்கட்டில் பல்லாங்குழியும் ஒரு கிண்ணம் நிறையச் சோழியும் வைத்திருந்தார்கள். சுற்றிக்காட்டிய தம்பி ஒரு சோழியை எடுத்து, "சோழர் காலத்துக் காசு, அதனால்தான் சோழி" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்த மடல்.

தம்பி, அது கடல் நத்தையின் ஓடு. அதற்குச் சோகி, சோவி என்றும் பெயர் உண்டு. யாழ்ப்பாணத்தார் சோகி என்றுதான் சொல்வார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சோழன் எங்கே வருகிறான்? பலகறை என்பதும் இதுவே. கவடி என்று இன்னொரு பெயர். அது வடமொழிக் கபர்த்தத்தின் வழி வந்தது. இந்தியில் கௌடி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய்க் கௌரி. சோழி போலச் சுருட்டி முடிந்த சடைக்கும் கபர்த்தம் என்றே பெயர். சடைமுடிச் சிவன் கபர்தி ஆனது அப்படித்தான்.

காசாகப் புழங்கியது மெய்தான். 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம் என்று லீலாவதி என்ற 12-ஆம் நூற்றாண்டுக் கணக்கு நூலில் இருக்கிறது. மாலத்தீவுச் சோழி மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போனது. அதற்கு ஈடாக அங்கிருந்து அரிசி வந்தது.

கதைதான் வேண்டும் என்றால் அதே வீட்டில் நல்ல கதை இருக்கிறது. அலமாரியில் பீங்கான் ஜாடி இருக்குமே, அதைக் காட்டுங்கள். இத்தாலிக்காரர்கள் சோழியைப் போர்ச்செல்லானா என்றார்கள். போர்ச்செல்லா என்றால் பெண் பன்றிக்குட்டி! சீனத்துப் பாத்திரம் அவர்கள் கைக்கு வந்தபோது, சோழியின் வழவழப்பு அதிலும் இருக்கவே அந்தப் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் போர்சலின் என்பது அதுதான். ஜாடிக்கும் சோழிக்கும் ஒரே பெயர் என்று சொல்லிப் பாருங்கள், யார் தலையாட்டிவிட்டு நகர்கிறார்கள் என்று பார்ப்போம்.

அப்புறம், கிண்ணத்தைத் தொடாதே என்று எழுதி வைக்காதீர்கள். 6 சோழியை வந்தவர் கையில் கொடுத்துக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வாய் மேலே பார்த்து விழுந்தால் தாயம், ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. எங்கள் அப்பத்தா சொல்லித் தந்த கணக்கு இது. உங்கள் ஊரில் வேறு மாதிரி என்றால் எழுதுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி