வேறு வேறு பெட்டியில் ஒரு பொன்விழா

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் 50ஆவது திருமண நாளைச் சேர்ந்து கொண்டாட, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தங்கை குடும்பம் என்று 17 பேர் ரயிலேறினோம். ஆளுக்கொரு பக்கம் டிக்கெட் எடுத்ததில் எனக்கு ஒரு பெட்டி, மனைவிக்கு இன்னொன்று! மாத்திரைப் பை அவளிடம். என் மூக்குக்கண்ணாடியும் அதற்குள்ளேதான். பேரன் இரண்டு பெட்டிக்கும் நடையாய் நடந்து தூது போனான். (ஒரு தடவை மாத்திரையை விட்டுவிட்டு, சீப்பைக் கொண்டுவந்தான்.)

தப்பு எங்களுடையதும்தான், சரி. அடுத்த முறை ஒரே ஆள் மொத்தமாக எடுப்பார். ஆனாலும், தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளை ஒரே குடும்பம் என்று இணைத்துக் காட்டவும், முதியவர்களுக்கு அருகருகே இடம் தரவும் முன்பதிவில் வழி செய்யக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு மூத்த வாசகர்